மிதவைப் பந்து

கொல்லிமலை அறப்பளீசுவரர் கோயிலருகே ஐயாற்று மீன்களுக்கு யாரும் நீர் மட்டம் பார்ப்பதில்லை. தண்ணீர் மேலிருந்து வருகிறது, ஆகாய கங்கையாய் விழுந்து போகிறது. வீட்டுக் கண்ணாடி மீன் தொட்டிக்கு அந்தக் கொடுப்பினை ஏது?

ஆவியாகிக் குறையும் நீரை ஈடுகட்ட உயரத்தில் ஒரு வாளி, மெல்லிய குழாய், முனையில் மிதவை வால்வு. மட்டம் இறங்கினால் பந்தும் இறங்கி வழிவிடும். ஏறினால் தானே அடைக்கும். மின்சாரம் வேண்டாம். மொட்டைமாடித் தொட்டியில் இருக்கும் அதே ஆள்தான், குட்டி உருவில். என்ன அடக்கமான வேலைக்காரன்!

ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்புகள் தங்கிவிடும். அதனால் வாரந்தோறும் கொஞ்சம் நீர் மாற்றும் வேலை உங்களுடையதே. பந்தில் பாசி படிந்தால் வால்வு சிக்கும், துடைத்து வையுங்கள். வாளி மட்டும் சின்னதாக இருக்கட்டும். சிக்கினாலும் கூடம் குளமாகாது.