மணிமேகலையில் பூதவாதியின் வழக்கு

கடவுளும் மறுமையும் இல்லையென்று வாதித்தோர் முற்காலத்தில் தாமே இயற்றிய தமிழ்நூல் யாதும் நமக்குக் கிடைத்திலது. அவர்தம் கொள்கையை மறுத்தோர் நூல்களே இன்று அதற்குச் சான்றாக உள்ளன. பௌத்த நூலாகிய மணிமேகலையும், சமண நூலாகிய நீலகேசியும், சைவ நூலாகிய சிவஞான சித்தியாரின் பரபக்கமும் தம்முள் மாறுபடுவன. எனினும், இக்கொள்கையை மறுப்பதில் மூன்றும் ஒன்றுபடுகின்றன. எதிர்வழக்குரைப்போர் வாயிலாகவே அறியப்படும் ஒரு கொள்கையை அவர் தீர்ப்போடு சேர்த்தே ஏற்றுக்கொள்ளுதல் ஆராய்ச்சியாகாது. ஆதலின், மணிமேகலையின் 27 ஆம் காதையில் வரும் பூதவாதியின் வழக்கை நாம் ஈண்டு நடுவுநின்று ஆராய்வோம்.

தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடியவிடத்துக் களிப்புத் தோன்றுதல்போலப் பூதங்களின் கூட்டத்தால் உணர்வு தோன்றும் என்பது அவன் கொள்கை. பறையோசை அடங்குதல்போல அவ்வுணர்வு அழியும்; காட்சி ஒன்றே அளவை; மறுமையில் வினைப்பயன் துய்த்தல் பொய் என்றும் அவன் கூறுகின்றான். முற்பிறப்புணர்ச்சி பற்றிய பேச்சு எழுந்தபோது, தெய்வ மயக்காலும் கனவாலும் மனந்திரிந்தோர் கொள்ளும் எண்ணமே அஃது என விடுக்கின்றான். சமய அனுபவத்தைச் சான்றாகக் காட்டுவோர் இன்றும் விடையிறுக்க வேண்டிய தடை இதுவேயாம். ஒருவர் உள்ளத்தில் நிகழ்ந்தது பிறர்க்கு எவ்வாறு சான்றாகும்?

மணிமேகலை இதற்கு நேர்விடை கூறவில்லை. 'நின் தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி எவ்வாறு அறிவாய்?' என்று வினவுகின்றாள். இவ்வினா கூரியது. காட்சி ஒன்றே அளவை என்பது இதனால் வீழ்கின்றது. களிப்பின் உவமைகொண்டு உணர்வின் தோற்றத்தை நிறுவும் பூதவாதியும் அனுமானத்தையே கையாள்கின்றான் என்பதும் கருதத்தக்கது. ஆயின், அனுமானம் உண்டென்று நிறுவியதனால் மறுபிறப்பு உண்டென்பது நிறுவப்பட்டதாகுமா? ஆகாது. அதனை நிறுவத் தனியோர் அனுமானம் வேண்டும். அஃது இவ்விடத்துத் தரப்படவில்லை.

எனினும் கற்போர் மணிமேகலை வென்றாள் என்றே கொள்கின்றனர். மணிபல்லவத்தில் அவள் தன் பழம்பிறப்பு உணர்ந்ததை முன்னரே கற்றுள்ளோம் அன்றோ? அவளுக்குச் சான்றாய் நிற்பது கதையே, அளவையன்று. காப்பியத்துள் அது பொருந்தும். காப்பியத்திற்குப் புறத்தே அது செல்லாது.

அனுமானத்தை ஏற்றுக்கொண்டால் பூதவாதம் அழிவதில்லை; மாறாக, வலிமை பெறுகின்றது. உடலின்றி உணர்வு நின்றதை யாண்டும் கண்டிலோம். மதுவும் நோயும் உணர்வைத் திரிக்கக் காண்கின்றோம். இவற்றினின்று அனுமானித்தால் அது பூதவாதியின் பக்கமே சாயும் என்பது எம் கருத்து. கடவுளும் மறுமையும் உண்டென்போர்க்கே அதனை மெய்ப்பிக்கும் பொறுப்பு உரியது.

பிறர் மதம் மேற்கொண்டு களைதலை நூலோர்க்குரிய மதங்களுள் ஒன்றாக நன்னூலார் வகுத்தார். களைதற்கு முன் மேற்கொள்ளல் வேண்டும் என்பதே அம்முறை. மாற்றார் வழக்கை அழியாது காத்த சாத்தனாரின் நேர்மை போற்றற்குரியது. அவ்வழக்கிற்கு அவர் அளித்த தீர்ப்பை மீண்டும் ஆராய்தல் அந்நேர்மைக்கு மாறன்று, அதன் தொடர்ச்சியேயாம்.