சமையற்கட்டில் ஒரு தொழுகை

சென்னை – திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து சேலத்துச் சாலை பிரியும் உளுந்தூர்பேட்டையில், உறவினர் இல்லத் திருமணம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அரையாண்டு விடுமுறைக் காலம். நிக்காஹ் முடிந்து, விருந்தும் முடிந்து, தேக்சாக்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்ட பின்னேரத்தில், கூடத்துத் தொலைக்காட்சியில் பிள்ளைகள் ‘அவ்வை சண்முகி’ பார்த்துக்கொண்டிருந்தனர். அவர்களுடைய சிரிப்பொலி அடுக்களை வரை கேட்டது. படம் முடிந்ததும் பெரியவர்களிடையே எழுந்த வாக்குவாதம் இஷா தொழுகை வரை ஓயவில்லை. அந்த வாக்குவாதமே இக்கட்டுரைக்குக் காரணம்.

கே. எஸ். ரவிகுமார் இயக்கத்தில், கிரேஸி மோகன் உரையாடலுடன், 1996-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த படம் அது. மூலம் ஆங்கிலப் படம்: கிறிஸ் கொலம்பஸ் இயக்கிய ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ (1993). கிறிஸ்துமஸ் இரவில் திருடர்களைத் தனியே எதிர்த்து நிற்கும் சிறுவனின் கதையான ‘ஹோம் அலோன்’ படத்தை 1990-இல் தந்தவரும் இவரே. விழுவதும் வழுக்குவதும் அடிபடுவதுமாகச் சிரிக்க வைத்து, முடிவில் குடும்பத்தை நினைத்துக் கண் கலங்கச் செய்வது அவருடைய கைப்பழக்கம். அந்தப் பண்டிகைக்காலப் பண்டத்தைத் தமிழ்ச் சமையலாக்கியவர் கமல்ஹாசன். மனைவியைப் பிரிந்த ஒருவன், மகளின் அருகில் இருப்பதற்காக முதிய மாமி வேடம் பூண்டு, மாமனார் வீட்டிலேயே வேலைக்கு அமர்கிறான். ஆங்கிலப் படத்தில் பிரிந்த தம்பதியர் பிரிந்தவர்களாகவே இருந்துவிடுகின்றனர். தமிழில் அவ்வாறு விட்டிருந்தால் கொட்டகையை விட்டு யார் எழுந்து போயிருப்பார்கள்? சேர்த்து வைத்தார்கள்.

பெரியத்தாவுக்குப் படம் பிடிக்கவில்லை. ஆண் பெண் வேடமிடுவது மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பது அவர் வாதம். அவர் ஹதீஸை எடுத்துச் சொன்னார், நான் மறுக்கவில்லை. எனினும், படத்தின் பெயரே டி. கே. சண்முகத்துக்குச் செலுத்திய வணக்கம் என்பதை மட்டும் நினைவூட்டினேன். மேடையில் ஔவையாராகவே வாழ்ந்து ‘அவ்வை’ என்னும் அடைமொழி பெற்றவர் அவர். அவருடைய நாடகக் குழுவில் இளமையில் பயின்றவர் கமல். நாடகத்தில் பழகிய கையால்தான், வேடம் கேலிக்கூத்தாகச் சரிந்துவிடாமல் அந்த மாமிக்கு ஒரு கண்ணியமும் கிடைத்தது. பெரியத்தா, “கலை வேறு, ஹுக்மு வேறு தம்பி” என்று முடித்துவிட்டார்.

மாமியோ, “சிரித்து எத்தனை நாளாயிற்று! அதையும் கெடுக்காதீர்கள்” என்றார். ஆனால் உண்மையான சர்ச்சை பாஷா என்னும் பாத்திரத்தைப் பற்றியதாகவே இருந்தது.

செங்கற்பட்டுப் பக்கத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த நாசர் அவ்வேடத்தை ஏற்றிருக்கிறார். நாயகனின் நண்பன், பிராமணச் சமையற்காரன் என்ற பெயரில், ஊமையாக அந்த வீட்டுக்குள் நுழைந்தவன். ஒருநாள் தொழுகையில் இருக்கும்போது வீட்டுக்காரர் விசுவநாத ஐயர் பார்த்துவிடுகிறார். வெடிக்கும் கோபத்தைச் சண்முகி மாமி தணிக்கிறாள்.

“நம்மை ஊமையாக்கிச் சிரிக்கிறார்கள்; இது அவமானம்” என்றார் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்திருந்த மச்சான். “அப்படியல்ல, மத நல்லிணக்கத்தை எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறார்கள்” என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். இருவரும் ஆளுக்குப் பாதியே பார்த்தார்கள் என்பது என் எண்ணம்.

அவமானம் என்பதை நான் ஒப்பவில்லை. தொழுகையைப் படம் கேலி செய்யவில்லை. நாசரின் முகமும் கைகளும் அத்தனை நகைச்சுவைக்கு நடுவில் ஓர் அச்சத்தைச் சுமந்துகொண்டே இருக்கின்றன. அடுத்த ஆண்டு டிசம்பரில் இந்தியில் ‘சாச்சி 420’ எனப் படம் மறுபடி உருவானபோதும், அந்தச் சமையற்காரனுக்கு நாசரையே கமல் அழைத்துச் சென்றார். (அதில் ஒப்பனைக்காரர் ஜோசப்பாக வந்தவர் ஜானி வாக்கர், இயற்பெயர் பத்ருத்தீன் ஜமாலுத்தீன் காஜி. பெயர் மாற்றம் நம் திரையுலகுக்குப் புதிதன்று.)

நல்லிணக்கம் என்று மகிழவும் எனக்கு மனம் வரவில்லை. விசுவநாத ஐயர் என்ன தொழில் செய்கிறார் என்று கவனித்தீர்களா? தோல் வியாபாரம். வாணியம்பாடியும் ஆம்பூரும் பேர்ணாம்பட்டும் அறிந்த நம் வாசகர்களுக்கு, தமிழ்நாட்டுத் தோல் தொழிலில் யாருடைய வியர்வை கலந்திருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. தோல் வீட்டுக்குள் பணமாக வரலாம். அந்தத் தோலைத் தொடுகின்ற சமூகத்து மனிதன் அடுக்களைக்குள் வரக்கூடாது. இந்த முரண்பாட்டைப் படம் அறியாமல் இல்லை. அறிந்தும் அதன்மேல் நிற்காமல் அடுத்த சிரிப்புக்குத் தாவிவிடுகிறது.

இப்படத்தில் வேடமிடாதவர் அரிது. நாயகன் பாசத்துக்காக வேடமிடுகிறான். அவனுடைய கண்ணீருக்கு முழுப்படமும் இடங்கொடுக்கிறது. பாஷாவின் வேடம் வயிற்றுக்காக. அவன் செய்த பிழை பொய் சொன்னது என்றால், மாமனாரையும் மனைவியையும் ஏமாற்றிய நாயகன் செய்ததும் அதுவே. ஆயினும் நாயகனுக்குக் கிடைப்பது அன்பு. பாஷாவுக்குக் கிடைப்பது மன்னிப்பு. எதற்கு மன்னிப்பு என்று யாரும் கேட்பதில்லை. கிரேஸி மோகனின் சொல்விளையாட்டை நான் பெரிதும் ரசிப்பவன். அன்று கூடத்தில் பலமாகச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் சொற்களே வாழ்வான ஒரு படத்தில், சொல்லில்லாமல் விடப்பட்டவன் யார் என்பது, படத்தைப் பலமுறை பார்த்த எனக்கே அன்றுதான் உறைத்தது.

அதற்குக் காரணமும் உண்டு. வாக்குவாதம் முழுவதும் என் தங்கை மகன் பேசாமலே இருந்தான். சென்னையில் வேலை பார்க்கிறான். “நீ என்னப்பா சொல்கிறாய்?” என்று கேட்டேன்.

“மாமா, வாடகை வீடு தேடியபோது பெயரைக் கேட்டதுமே இரண்டு இடங்களில் வீடு காலியில்லை என்றார்கள். மூன்றாவது வீட்டில் நான் வாயே திறக்கவில்லை. கூட வந்த நண்பன்தான் பேசினான். அவன் பெயரில்தான் வீடு” என்றான்.

கூடம் சற்று அமைதியாயிற்று. படமே பிடிக்காத பெரியத்தா மெல்லக் கேட்டார்: “அங்கே தொழுகிறாயா?”

“கதவைச் சாத்திக்கொண்டு, பெரிய நன்னா.”