பொம்மைப் பியானோவும் ஒரு பெஞ்சும்

சார்லஸ் ஷுல்ஸின் ‘பீநட்ஸ்’ படக்கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் சிறுவன் ஷ்ரோடரின் பொம்மைப் பியானோ. அதில் சாய்ந்துகொண்டு சிறுமி லூசி காதலாகப் பேசிக்கொண்டே இருப்பாள். அவனோ குனிந்த தலை நிமிராமல் பீத்தோவனை வாசிப்பான். மேலே மிதக்கும் இசைக்குறிகள் ஒப்புக்குப் போட்டவை அல்ல. அசல் இசைத்தாளைப் பார்த்து ஷுல்ஸ் பொறுமையாகப் பேனாவால் எழுதியவை. இசை தெரிந்தவர்கள் வாசித்தே பார்க்கலாம்.

அதே படக்கதையின் நாயகன் சார்லி பிரவுன் பாடு இன்னும் கஷ்டம். மதிய உணவு நேரத்தில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, சிவப்புக் கூந்தல் சிறுமியிடம் போய்ப் பேசலாமா வேண்டாமா என்று மருகுவான். அவள் முகத்தை ஷுல்ஸ் கட்டத்துக்குள் காட்டவே இல்லை. அவன் கண் போகும் திசையில்தான் நாமும் தேட வேண்டியிருக்கிறது. சார்லியின் வாய் இருக்குமிடத்தில் நடுங்கும் ஒரு சின்னக் கோடு. அந்த ஏக்கம் முழுவதையும் ஷுல்ஸ் அதிலேயே கொண்டுவந்துவிடுகிறார்.