இசைத்தட்டும் பாடவேறுபாடும்

ஏட்டுச்சுவடிக்கேயன்றி இசைத்தட்டிற்கும் பாடவேறுபாடு உண்டு. மைல்ஸ் டேவிஸ் குழுவினரின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ என்னும் ஜாஸ் இசைத்தட்டு இதற்குச் சான்றாகும். அதன் முதற்பக்கத்து மூன்று உருப்படிகளும் 1959 மார்ச்சு 2-ஆம் நாள் நியூயார்க்கில் பதிவாயின. பதிவுப்பொறி சற்றே மெதுவாக ஓடியமையால், தட்டில் அவை விரைவு மிக்கும் சுருதி உயர்ந்தும் ஒலித்தன. உடன் ஓடிய மற்றொரு பொறியின் நாடாவைக்கொண்டு, 1992-ஆம் ஆண்டு மறுபதிப்பில் இவ்வழு களையப்பெற்றது.

முதலுருப்படியாகிய ‘சோ வாட்’ இரண்டே சுரநிரல்களில் இயங்குவது. அத்தகைய எளிய அமைப்பில், சுரங்களுக்கிடையே விடும் இடைவெளியும் சுவை பயக்கும். விரைவு மிகின் அவ்விடைவெளி குறுகும். ஆதலின், முன்னைத் திறனாய்வாளர் 33 ஆண்டுகள் போற்றியது பிழைபட்ட பாடத்தையே எனலாம். அவர்தம் மதிப்பீடு பொய்யன்று. எனினும், பாடந் தெளிந்த பின்னரே நயங்காண்டல் முறை என்பது எம் துணிபு.