மொழிபெயர்ப்பா, மறுபடைப்பா? பாஞ்சாலி சபதம் தரும் சுவை

பழங்காப்பியக் கதையைப் புதுக்கவிஞர் மீண்டும் பாடுங்கால், அதன் முடிவு படிப்போர்க்கு முன்னரே தெரியும். ஆதலின், அடுத்து நிகழ்வது யாது என்னும் ஆவலைவிட, மாறியது எது, மாறாதது எது என ஒப்பிட்டு உணர்தலே அங்குச் சுவையாகிறது. பாரதியாரின் பாஞ்சாலி சபதம் (முதற்பாகம் 1912, இரண்டாம் பாகம் 1924) இதற்குத் தக்க சான்றாகும்.

இந்நூலைப் பெரும்பாலும் வியாச பாரதத்தின் மொழிபெயர்ப்பாகவே கொள்ளலாம் என்றும், தாம் ஏற்கும் பொறுப்பு தமிழ் நடையளவினதே என்றும் பொருள்படப் பாரதியார் தம் குறிப்பில் கூறுகிறார். இதனை அவையடக்கமாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது என்பதை இரண்டு இடங்கள் காட்டுகின்றன.

முதலாவது, நூலின் தலைப்பாகிய சபதம். புனே பண்டார்க்கர் நிறுவனத்தின் திருந்திய பதிப்பில், சபா பருவத்துத் திரௌபதி அவையை நோக்கி வினா எழுப்புகிறாள்; சபதம் உரைப்பவன் வீமன். விரித்த கூந்தலை முடியேன் எனத் திரௌபதியே சூளுரைப்பது வில்லிபாரதத்திலும் தெருக்கூத்திலும் திரௌபதியம்மன் கோயில் விழாக்களிலும் வேரூன்றிய செய்தி. சிந்து யாப்பும் மக்கள் வாய்மொழியில் வழங்கியதே. எனவே 'தமிழ் நடை' என்பது சொல்லையும் யாப்பையும் கடந்து, தமிழரின் கதை நினைவையும் உள்ளடக்குகிறது எனலாம்.

இரண்டாவது, தருமன் நாட்டைப் பணயம் வைக்கும் இடம். வியாசர் நகரையும் நாட்டையும் மக்களையும், அந்தணரும் அவர்தம் உடைமையும் நீங்கலாக, ஒரே பணயமாகச் சுருங்கக் கூறி அப்பாற் செல்கிறார். பாரதியாரோ கதையை நிறுத்தித் தருமனைக் கடிகிறார்; சிலையை விற்கும் பூசகனையும், வீட்டைப் பணயம் வைக்கும் வாயிற்காவலனையும் உவமையாக்குகிறார். காப்பவன் உடையவன் ஆகான் என்பதே இங்குக் கருத்து.

தில்லியின் பழைய கோட்டைப் பகுதியே இந்திரப்பிரத்தம் என்பது மரபு. அதற்குச் சில கிலோமீட்டர் தொலைவில், ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையில் தமிழர் குடியிருப்பாகிய மதராசி கேம்ப் இருந்தது. தில்லி உயர் நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1 அன்று அது இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகளுள் 189 குடும்பங்களே நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுடையனவாகக் கொள்ளப்பட்டன. வடிகால் சீரமைப்புக்கான நீதிமன்ற ஆணையும் சூதாட்டமும் ஒன்றல்ல. எனினும் இந்நிகழ்ச்சியை அறிந்த தமிழர் அப்பகுதியைப் பழங்கதையாக மட்டும் படித்தல் அரிது. குடிகளின் இருப்பிடத்தை முடிவு செய்யும் உரிமை எவர்க்கு என்னும் வினா அதில் உயிரோடு நிற்கிறது.

மொழிபெயர்ப்பாளர் இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. நூல் சபதத்தோடு முடிகிறது. கூந்தல் முடிக்கப்படுவது கூறப்படவில்லை. கூத்தும் விழாவும் அறிந்த தமிழர்க்கு அது முழுமையான முடிவு. பிறர்க்கு முறிந்த முடிவு. எனவே இந்நூலைப் பிறமொழிக்குக் கொண்டு செல்வோர் வியாசரோடு ஒப்பிட்டு மிகையானவற்றை ஒதுக்குவாராயின், ஒதுக்கப்படுவது பாரதியாரின் நூலே ஆகும்.