வாக்கரின் கணக்கும் பருவமழையும்

1904 இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர், வானிலை நூல் பயின்றவரல்லர். கேம்பிரிட்ஜ் கணித வல்லுநர். (இராமானுசனுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை வழங்குமாறு 1913 இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு எழுதியவரும் இவரே.)

காரணம் விளங்காவிடினும் எண்கள் வழிகாட்டும் என்பது அவர்தம் துணிபு. உலகின் பல நிலையங்களில் பதிவான காற்றழுத்தம், மழை, வெப்பம் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கணக்கிடச் செய்தார். பல உறவுகளைத் தேடுமிடத்து ஒன்றிரண்டு தற்செயலாகவே வலுவாகத் தோன்றும் என 1914 இல் எச்சரித்தவரும் அவரே. அவர் எழுத்துள் இன்றும் வாடாதது இப்பகுதி.

பசிபிக்கில் அழுத்தம் உயரின் இந்துமாக்கடலில் தாழும். ஏற்றமரத்தின் இரு முனைகள் போல. இதனைத் தென்மண்டல அலைவு என 1924 இல் பெயரிட்டார். ஆயின் தேடியது கிட்டவில்லை. பருவமழை பிறநாட்டு வானிலையை முன்னறியத் துணைசெய்கின்றதேயன்றித் தன்னை முன்னறிய எளிதில் இடந்தருவதில்லை என்பதைப் பின்னாளில் எடுத்துரைத்தவர் சார்லசு நார்மண்டு.

காரணம் காட்டாது எண்களை அடுக்கினார் என்பது அவர்மேல் சாற்றப்படும் குற்றம். அது முற்றும் பொருந்தாது. கடல்மேலும் வானுயரத்திலும் எடுத்த அளவீடுகள் அந்நாளில் மிகச் சில. கிழக்குப் பசிபிக் நீரின் வெப்பமே அவ்வலைவோடு பிணைந்தது எனப் பியர்க்னசு 1969 இல் விளக்கி, அக்காற்றோட்டத்திற்கு வாக்கர் பெயரையே சூட்டினார்.

குறை வேறிடத்தில் உள்ளது. ஒரு காலத்து உறவு எக்காலத்தும் நிலைக்கும் எனக் கொண்டது அம்முறை. 1997 இல் வலிமைமிக்க எல் நினோ எழுந்தது, இந்தோனேசியா வறண்டது, காட்டுத்தீயின் புகை மலேசியாவையும் சிங்கப்பூரையும் மூடியது. இந்தியாவிலோ பருவமழை வழக்கம்போற் பெய்தது.