தொரேயின் இரவுப் புகலிடம்

குஸ்தாவ் தொரேயின் மரச்செதுக்குப் படங்களோடு 1872இல் வெளிவந்த ‘இலண்டன்: ஒரு யாத்திரை’ என்னும் நூலில், வறியோர்க்கான இரவுப் புகலிடமொன்றில் வேதாகமம் வாசிக்கப்படும் காட்சியொன்றுண்டு. இதனை அறப்பணியின் புகழ்ச்சியாக மட்டுங் கொள்வது பொருந்தாது. வாசிப்பவர் நிற்கிறார், வறியோரோ சவப்பெட்டியை நினைவூட்டும் ஒடுங்கிய படுக்கைகளில் வரிசையாகக் கிடக்கின்றனர். நிற்றலுக்கும் கிடத்தலுக்குமுள்ள இவ்வேறுபாட்டிலேயே கொடுப்போர் - கொள்வோர் உறவு முழுவதும் அடங்கிவிடுகிறது. தொரே சீர்திருத்தவாதியல்லர், வீடின்மையின் காரணத்தை அவர் வினவவுமில்லை. (விலையுயர்ந்த இந்நூலை வாங்கியோர் அப்புகலிடத்தில் உறங்கியோரல்லர் என்பதும் மனங்கொளத்தக்கது.) ஆயினும், படுத்திருப்போரிடத்துப் பக்திப் பரவசத்தை அவர் ஏற்றிக் காட்டவில்லை, களைப்பே மேலோங்கி நிற்கிறது. இந்நூலிலுள்ள நியூகேற் சிறைமுற்றக் காட்சியினையே வான்கோ 1890இல் வண்ணத்தில் மீளத் தீட்டினார். அங்கே கைதிகள் வட்டமாகச் சுற்றுகின்றனர். இங்கே வறியோர் வரிசையாகக் கிடக்கின்றனர். இரண்டினையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவோர்க்குப் புகலிடத்தின் ஒழுங்கு எவ்விடத்திற்குரியதென்பது புலனாகும்.